பதனி காய்ச்ச கேஸ் அடுப்பு: பெருசுன்னு பாத்து வாங்கிராதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, பதனி காய்ச்சுறவங்க விறகை விட்டுட்டு கேஸுக்கு மாறணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. எங்க வீட்டுல எல்லாரும் படிச்சோம். நல்ல மனசோட எழுதியிருக்காங்க, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, புகையில கெடந்து கண்ணு போறது எனக்குத் தெரியாததா, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து முப்பது வருசமா விடிலிக்குள்ள, அதான் பதனி காய்ச்சுற ஓலைக் குடிசைக்குள்ள, உக்காந்து காய்ச்சிக்கிட்டு இருக்கேன். ஆனா அதுல ஒரு வரி வந்துச்சு பாருங்க, பர்னர் எம்புட்டு பெருசோ அம்புட்டு சீக்கிரம் கருப்பட்டி ரெடியாயிரும்னு, அந்த ஒரு வரிய நம்பி எங்கள மாதிரி யாராவது வட்டிக்கு வாங்கி அடுப்பு வாங்கிட்டாங்கன்னா என்ன செய்யன்னு ரெண்டு நாளா மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருக்கு. அதான் எழுதுதேன். ஏன்னா நான் அப்படி வாங்கி பட்டவ.

எங்க ஊரு திசையன்விளை பக்கம். வீட்டுக்காரவுக பனையேறுதாக. பங்குனி பொறந்து பாளை விட ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் எங்களுக்கு வேற நெனப்பு கெடையாது, காலையில கலயம் எறக்கி வந்ததும் வடிகட்டி அடுப்புல ஏத்திரணும், நேரம் போனா புளிச்சிரும். ஒரு நாளைக்கு நாப்பது லிட்டரு, மழை மாறி நல்லா ஊறுனா கூடவும் வரும். ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கு இருமல் ஜாஸ்தியாகி டாக்டர் புகை ஆகாதுன்னுட்டாக, சரின்னு டவுன்ல ஒரு பாத்திரக்கடைக்குப் போயி கேஸ் அடுப்பு கேட்டோம். பதனி காய்ச்சன்னு சொன்னேன், அந்தப் பையன் டீக்கடையில இரையுமே அந்த ஹை பிரஷர் அடுப்பத் தூக்கி வச்சான், "இதுதாங்க்கா இருக்கதுலயே ஃபோர்ஸு, பத்து நிமிசத்துல அண்டா கொதிக்கும்"னான். அடுப்பு, ரெகுலேட்டர், டியூப்பு எல்லாம் சேத்து ஆறாயிரத்துச் சொச்சம். கொதிச்சது என்னமோ உண்மைதான். அவன் சொன்னதுல பொய் இல்ல.

ஆனா கொதிக்க வைக்கிறதா எங்க வேலை?

முதல் நாளு என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன். பதனி ஏத்துனதும் பொங்கிச்சு, ஆமணக்கு முத்த தட்டிப் போட்டு அடக்கிட்டேன், தண்ணி வத்துற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கூழ்ப்பதனியாகி குமிழி சின்னச் சின்னதா மாறி தேன் கலரு வரும் பாருங்க, அந்த நேரத்துல தீய அடக்கணும். நான் வால்வத் திருப்புதேன், ஒண்ணு ஹோன்னு இரையுது, இல்லன்னா பட்டுன்னு அணைஞ்சு போவுது, நடுவுல ஒரு நெலை நிக்க மாட்டேங்கு. துடுப்பப் போட்டு இழுக்கேன், அடியில நட்டநடுவுல ஒரு சாண் வட்டத்துக்கு மட்டும் துடுப்பு மாட்டுது, வழுக்கல. எடுத்துப் பாத்தா துடுப்பு நுனியில கறுப்பா செதிலு. வாசனையும் மாறிப்போச்சு, கருப்பட்டி வாசனை இல்ல, கருகுன வெல்லம் மாதிரி ஒரு காந்தல். அதுக்கப்புறம் என்ன பண்ண, பாகை செரட்டையில ஊத்துனேன், காஞ்சு தட்டும்போது பாதி உதிந்துச்சு பாதி ஒட்டிக்கிச்சு. அஞ்சு கிலோக்கிட்ட, யாவாரி கையில எடுத்து மோந்து பாத்துட்டு கீழ வச்சுட்டாரு. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு ஏறுன மனுசன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக, ஒரு வார்த்தை சொல்லல.

இத எங்க தம்பி மவன்கிட்ட போன்ல சொல்லி அழுதேன். அவன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான், எனக்கு மருமவன் முறை. அவன் சனி ஞாயிறுல வீட்டு வாசல்ல வச்சு பீர் காய்ச்சுவான். இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், ஆனா மறைக்கவும் ஒண்ணும் இல்ல, அங்க அது சட்டப்படி சரி, 1978-ல கார்ட்டரு பிரசிடென்டா இருந்தப்ப கையெழுத்துப் போட்ட சட்டம், பெரியாளு ஒருத்தரு மட்டும் இருக்க வீடுன்னா வருசத்துக்கு 100 கேலன் (ஒரு கேலன்னா மூணே முக்கா லிட்டருக்கிட்ட), ரெண்டு பேரோ மேலயோ இருந்தா 200 கேலன் வரைக்கும் சொந்தத்துக்குக் காய்ச்சிக்கலாம், விக்கத்தான் கூடாது. இங்க 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, கள்ளே 1987-ல இருந்து எறக்கக் கூடாது, அதனால யாரும் அதச் செய்யுங்கன்னு நான் சொல்ல வரல. எனக்கு வேண்டியது அவனோட அடுப்பு ஞானம்தான். அவனும் நம்மள மாதிரி இனிப்புத் தண்ணியத்தான் பெரிய பாத்திரத்துல கேஸ் பர்னர் மேல வச்சுக் காய்ச்சுதான், அவனுக்கு அது பார்லி முளையில இருந்து வருது, நமக்கு பாளையில இருந்து வருது. நாம புளிக்கக் கூடாதுன்னு கலயத்துல சுண்ணாம்பு தடவுதோம், அவன் ஆறவச்சு வேணும்னே ஈஸ்ட்டப் போட்டு புளிக்க வைக்கான். அம்புட்டுதான் வித்தியாசம்.

அவன் வீடியோ கால்ல வந்து, "அத்தை, அடுப்ப அப்புறம் பாப்போம், மொதல்ல சட்டியோட அடியக் காட்டுங்க"ன்னான். திருப்பிக் காட்டுனேன். நடுவுல மட்டும் ஒரு வட்டம் வெந்து நீலம் பாஞ்சு கெடக்கு, சுத்தி கரி. "பாத்தீங்களா, தீ பூரா ஒரே எடத்துல ஈட்டி மாதிரி குத்துது"ன்னான். தண்ணியா இருக்கும்போது அது தெரியாதாம், சூடான தண்ணி மேல வந்து பச்சைத் தண்ணி கீழ போயி அதுவாவே சுத்திக்கிட்டு இருக்கும், அடி சூட்ட எடுத்துக்கிட்டு போயிரும். பாகாகிட்டா அப்படி சுத்தாது, அடியில இருக்கது அடியிலயே கெடந்து தீயும். அவனுக்கும் இந்தப் பிரச்சன உண்டாம், மால்ட் பாகுன்னு ஒண்ணு, அந்த பார்லி முளைச் சாற சுண்ட வச்ச பாகு, ஊத்துவாங்களாம், அப்ப அடுப்ப அணைச்சிட்டுத்தான் ஊத்தி கலக்கணுமாம், இல்லன்னா அடி பிடிச்சு பூரா பீரும் காந்தல் அடிக்குமாம். பொங்குறதும் அதே கதைதான், மொத கொதி வரும்போது நுரை தலைக்கு மேல ஏறும், பக்கத்துலயே நிக்கணும், கையில தண்ணி ஸ்ப்ரே வச்சுக்கிட்டு நிப்பானாம். ஆமணக்கு முத்து போடுலேன்னு சொன்னேன்.

அங்க பர்னரு வாங்கும்போது பி.டி.யூ.ன்னு சூட்ட அளக்குற ஒரு நம்பரப் பாத்து வாங்குதாங்க. அறுபதாயிரம் பி.டி.யூ.ன்னா ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 1.4 கிலோ கேஸு எரியும், அம்புட்டுதான் அதுக்கு அர்த்தம். எம்புட்டு எரியுதுன்னுதான் அந்த நம்பர் சொல்லும், எம்புட்டு சட்டிக்குள்ள போவுதுன்னு சொல்லாது. நம்ம கடையில அந்த நம்பரும் கெடையாது, டி-22, டி-35ன்னு சொல்லி பெருசு சின்னதுன்னு காட்டுவாங்க, எது நல்லா இரையுதோ அது நல்ல அடுப்புன்னு நாமளும் வாங்கிட்டு வந்துருதோம்.

அப்புறம் அவன் ஒரு கணக்கு போடச் சொன்னான், அத நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், இதத்தான் உங்க கட்டுரையில போட்டிருக்கணும்னு நெனைக்கேன். பச்சைத் தண்ணி ஒரு லிட்டர கொதிக்க வைக்க ஆகுற சூட்டப் போல ஏழெட்டு மடங்கு சூடு அதே ஒரு லிட்டர ஆவியாக்க ஆகும். பீர் காய்ச்சுறவன் 25 லிட்டரு ஏத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விடுவான், அதுவும் ஹாப்ஸுங்குற பூவுல இருந்து கசப்பு எறங்குறதுக்காக, அதுல நாலு லிட்டரு ஆவியாப் போவும், முக்கா கிலோ கேஸுல சோலி முடிஞ்சிரும். அவனுக்கு சீக்கிரம் கொதி வந்தா லாபம், பெரிய பர்னரு சரி. நமக்கு நாப்பது லிட்டர்ல முப்பத்தஞ்சு லிட்டரு தண்ணி மேல போவணும்! அடுப்புச் சூட்டுல பாதி சட்டிக்குள்ள போவுதுன்னு வச்சுக்கிட்டாலும் நாலு கிலோ கேஸு வேணும். கெடைக்கிறது நாலரை அஞ்சு கிலோ கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸு போவுது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரு அஞ்சு நாளு தாங்காது. வீட்டுச் செவப்பு சிலிண்டர யாவாரத்துக்கு வைக்கக் கூடாது, அது சட்டம், நீலந்தான் வாங்கணும், அந்த வெலையப் போட்டுப் பாத்தா சீனி கலக்காம நேர்மையா காய்ச்சுற எங்களுக்கு என்ன மிஞ்சும். கேஸுக்கு மாறுங்கன்னு சொல்லுதவங்க இந்தக் கணக்கச் சொல்லிட்டுச் சொல்லணும் அய்யா.

அதனால நாங்க இப்ப என்ன செய்யுதோம்னா, மொத முக்கால்வாசி தண்ணி வத்துறது விறகுலதான். விறகுன்னா காசு குடுத்து இல்ல, பனை மட்டை, காஞ்ச ஓலை, பன்னாடை, வரப்புல வெட்டுன உடைமுள்ளு. புகைக்கு, மண்ணடுப்ப இடிச்சு கட்டி புகைபோக்கி வச்சுட்டோம், இருமல் பாதி அதுலயே கொறஞ்சு போச்சு. நாப்பது லிட்டரு பத்து லிட்டரா சுண்டுனதும் வடிகட்டி வேற சட்டிக்கு மாத்தி கேஸ் அடுப்புல ஏத்திருவேன். பத்துல இருந்து பதத்துக்கு வர அரை கிலோ கேஸுக்குள்ள முடிஞ்சிருது. கைய கவனமா வச்சுக்க வேண்டிய நேரமும் அதுதான், மட்டைத் தீயில அந்த நேரத்துல ஒரு மட்டை பத்திக்கிட்டா நம்ம கையில இல்ல, கேஸுல ஒரு திருப்புல அடக்கிரலாம். ஒரு சிலிண்டரு இப்ப ஒரு மாசம் போவுது.

இந்த வேலைக்கு எந்த அடுப்பு? நான் ரெண்டாவது வாங்குனது பெரிய வட்டத்துல வரிசையா ஓட்டை போட்ட வார்ப்பு இரும்பு பர்னரு, உள் வட்டம் வெளி வட்டம்னு ரெண்டு வால்வு தனித்தனியா. எரிஞ்சா இரைச்சலே இருக்காது. கடைசிக் கட்டத்துல உள் வட்டத்த அணைச்சிட்டு வெளி வட்டத்த மட்டும் மொட்டு மொட்டா எரிய விட்டா சட்டி அடி பூரா ஒரே சூடு. வாங்கும்போது கடையிலயே பத்த வச்சுக் காட்டச் சொல்லுங்க, நல்லா கொறைச்சுப் பாருங்க, எல்லா ஓட்டையிலயும் தீ நிக்கணும், அணையக் கூடாது, அதுல தேறலன்னா எம்புட்டு பெருசா இருந்தாலும் நமக்கு ஆகாது. தீ நீலமா இருக்கணும், மஞ்சளா நாக்கு நீட்டுச்சுன்னா காத்துத் தகட்ட திருப்பிச் சரி பண்ணணும், இல்லன்னா ஜெட்டு, அதான் பர்னருக்குள்ள கேஸு பீச்சுற சின்ன ஓட்டை உள்ள திருகு, மாறிப் போட்டிருப்பாங்க. வீட்டு ரெகுலேட்டருல வர்ற பிரஷரு ரொம்பக் கம்மி, 30 மில்லிபாருதான் (ஆயிரம் மில்லிபாரு சேந்தா ஒரு பாரு), ஹை பிரஷரு ரெகுலேட்டரு 2 பாரு வரைக்கும் கூட ஏத்தும், ரெண்டுக்கும் ஜெட்டு ஓட்டை வேற வேற, ஒண்ணுக்கு உள்ளத ஒண்ணுக்குப் போட்டா தீ ஒழுங்கா நிக்காது. தீ வட்டம் சட்டி அடிய விட்டு வெளிய வந்து பக்கவாட்டுல ஏறுச்சுன்னா அந்தக் கேஸு காத்துக்குத்தான் போவுது, நம்ம பாக்கெட்டுல இருந்து.

காத்துன்னதும் அடுத்தது. டவுனுக்குள்ள கடையில வச்சுப் பாக்குறது வேற, எங்க விளையில, அதான் பனை நிக்கிற தோட்டத்துல, வச்சுப் பாக்குறது வேற. ஆரல்வாய்மொழி கணவாயில புகுந்து வர்ற மேகாத்து பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பணகுடி ராதாபுரம் பக்கம் பூரா காத்தாடி நட்டு கரண்டு எடுக்காங்க, ஆனி ஆடியில நின்னு பேசுனா வாய்க்குள்ள மண்ணு போவும். அந்தக் காத்துலதான் எங்க அடுப்பும் எரியணும். எங்க வீட்டுக்காரவுக ஒரு நாளு நெல்லுக்கடை தராசக் கொண்டாந்து சிலிண்டர மேல வச்சு எடை போட்டுப் பாத்தாக. 20 லிட்டரு பச்சைத் தண்ணி, அதே சட்டி, அதே அடுப்பு. மறைப்பு இல்லாம கொதி வர 430 கிராம் கேஸு போச்சு. மறுநாளு அதே நேரத்துக்கு, பழைய பேரல அறுத்து சுத்தி வச்சு பாத்தோம், 260 கிராம். அந்தத் தகரத்துக்கு நாங்க செலவு பண்ணது வெல்டிங் பட்டறைக்கு 350 ரூவா. பர்னரு வாங்குற காசுல ஒரு பங்க காத்து மறைப்புக்கு வைக்காம எந்த பெரிய பர்னரு வாங்குனாலும் வீண். ஆனா அடியில மூணு விரக்கடை எடம் விடணும், பர்னருக்கு மூச்சு வேணும்லா, பூரா மூடிட்டா தீ மஞ்சளாயிரும். டியூப்பு பக்கமும் சிலிண்டரு பக்கமும் அந்தத் தகரச் சூடு அடிக்காம பாத்துக்கிடணும்.

பழைய அடுப்புல நடந்த இன்னொண்ணு சொல்லியே ஆகணும். காலையில ஃபுல்லா தொறந்து விட்டு எரிச்சா ஒரு மணி நேரத்துல சிலிண்டரு வேர்த்து, அடியில வெள்ளையா பனி பிடிச்சு, தீ சோந்து போவும். கடைப் பையன்கிட்ட போன் போட்டுக் கேட்டா, "சாச்சுப் படுக்க வைங்கக்கா, நல்லா வரும்"னான். நானும் சாச்சுட்டேன். அந்த நேரம் பாத்து மருமவன் கூப்பிட்டான், வீடியோவுல பாத்துட்டு அப்படி ஒரு சத்தம் போட்டான், "அத்தை மொதல்ல வால்வ மூடுங்க, நிமித்துங்க". படுத்த சிலிண்டருல இருந்து கேஸு ஆவியா வராம உள்ள இருக்க திரவமாவே வந்துருமாம், அது டியூப்பு வழியா வந்து பர்னருல தீயாக் கக்கிரும். சிலிண்டரு குளுந்து போறது, நாம உறிஞ்சுற வேகத்துக்கு உள்ள ஆவியாகி முடியலன்னு அர்த்தம், ஒண்ணு தீயக் கொறைக்கணும், இல்லன்னா ரெண்டு சிலிண்டர சேத்து மாட்டணும். இந்த விசயம் தெரியாம விடிலியில எத்தனை பேரு சாச்சு வச்சிருப்பாங்களோ, நெனச்சாலே வயிறு கலங்குது. தயவு செஞ்சு இதக் கொட்டை எழுத்துல போடுங்க.

விடிலி ஓலைக்கூரைங்குறதும் கட்டுரையில எங்கயும் வரல. அதுலயும் நம்ம மண்ணடுப்பு குழி தோண்டி வைக்கிறது. சிலிண்டரு கேஸு காத்த விட கனம், கசிஞ்சா மேல போவாது, தரையோட ஓடி பள்ளத்துல போயி உக்காந்துக்கிடும். பள்ளத்துல இருக்கது மட்டைத் தீ. ஒரு நாளு காத்துல தீ அணைஞ்சு நான் அந்தப் பக்கம் செரட்டை கழுவிக்கிட்டு இருந்தேன், நாத்தம் அடிச்சப்புறந்தான் தெரிஞ்சது. அன்னைக்கு விறகடுப்புல தணல் இல்ல, எங்க குலசாமி காப்பாத்துச்சு. மறுநாளே கேஸ் அடுப்ப விடிலிய விட்டு இருபது அடி தள்ளி தனியா தகரக்கூரைக்குக் கீழ, மூணு பக்கம் தொறந்த எடத்துல மாத்திட்டோம். டியூப்பும் சாதா ரப்பர் டியூப்பு ஹை பிரஷருக்குத் தாங்காது, ஒரு தடவ எங்களுக்கு கழண்டே போயிருக்கு, அதுக்குன்னு உள்ள கம்பி பின்னுன டியூப்பு கிளிப்போட வாங்கணும். சோப்புத் தண்ணியத் தொட்டு மூட்டுல வச்சா கசிவு இருந்தா குமிழி விடும், எம் மவ தெனமும் காலையில அதச் செய்யுதா. கசிவுக்கு கூப்பிடுற நம்பர் 1906, அத தகரத்துல பெயின்ட்டுல எழுதி வச்சிருக்கோம்.

அய்யா, இப்ப எனக்குப் பதம் பாக்குறது சுகமா இருக்கு. செரட்டையில பச்சைத் தண்ணி வச்சுக்கிட்டு பாகுல ஒரு சொட்டு விடுவேன், மொதல்ல கரையும், கொஞ்சம் பொறுத்து விட்டா அடியில போயி பரவும், அடுத்தது உருட்டுனா உருளும், அந்த உருண்டைய சட்டி ஓரத்துல எறிஞ்சா டக்குன்னு சத்தம் கேக்கும். மொத அடுப்புல உருளுறதுக்கும் சத்தம் கேக்குறதுக்கும் நடுவுல கருகிரும். இதுல அந்த நடுவுல எனக்கு நிதானமா நேரம் கெடைக்கி, செரட்டைய அடுக்கி வச்சுட்டே எறக்குதேன். கருப்பட்டி ஒடைச்சா உள்ள ஒரே கலரா இருக்கு. அன்னைக்கு கீழ வச்சுட்டுப் போன அதே யாவாரி இப்ப முன்பணம் குடுத்துட்டுப் போறாரு.

எனக்கு உங்ககிட்ட கேக்க ரெண்டு இருக்கு. ஒண்ணு, அந்த வரியத் திருத்திப் போடுங்க, போடும்போது நாலு கிலோ கேஸுக் கணக்கையும் சேத்துப் போடுங்க. ரெண்டாவது, பனைத்தொழிலாளிக்கு அடுப்பு குடுக்கணும்னு நெனைக்கிற ஆபீசருங்க, சங்கத்துக்காரங்க, டிரஸ்ட்டுக்காரங்க யாரா இருந்தாலும், மொத்தமா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அடுப்பக் கொண்டாந்து ஆனி மாசக் காத்துல ஒரு விளையில வச்சு, காய்ச்சுற பொம்பளைக நாலு பேரக் கூப்பிட்டு பாகு பதம் வரைக்கும் காய்ச்சிப் பாக்கச் சொல்லுங்க. எங்க விளைக்கு வந்தாலும் சரிதான், பாளை விட்டுருக்கு, வர்ற மாசம் ரெண்டாவது வாரத்துல இருந்து தெனம் அடுப்பு எரியும், காலையில ஆறு மணிக்குள்ள வந்தா மொத கலயத்துப் பதனி குடிச்சிட்டே பாக்கலாம்.

இப்படிக்கு,
பதனி காய்ச்சுற ஒரு வாசகி,
திசையன்விளை பக்கம்.